பார்த்த பிறகுதான் கையெழுத்து

சித்தூரில் எங்கள் மில் முதலாளியம்மாவிடம் "ஆச்சுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தப்பித்தவன் ஒருவனும் கிடையாது. எது ஆயிற்று என்று சொன்னாலும் முதலில் ஒரு கேள்வி வரும்.

"பாத்ததா, கேட்டதா?"

பார்த்தது என்றால் "எப்போ பாத்தே?" என்பார். கேட்டது என்றால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அவர் எழுந்தால் நாமும் பின்னாலேயே போயாக வேண்டும். அது எண்ணெய்த் தொட்டியாக இருந்தாலும் சரி, கக்கூஸாக இருந்தாலும் சரி. நான் அந்த வேர்க்கடலை எண்ணெய் மில்லில் டைம் கீப்பராக இருந்தேன். தொழிலாளிகள் வரும் நேரம், போகும் நேரம் எழுதுவது என் வேலை. அதோடு சர்க்காருக்கு அனுப்பும் படிவங்களை நிரப்புவதும் என் தலையில் விழுந்தது. அதனால் அவர் பின்னால் அதிகம் நடந்தவனும் நான்தான், அதிகம் முணுமுணுத்தவனும் நான்தான்.

ஒருமுறை சுவர்களுக்கு வெள்ளையடித்த தேதியைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். அம்மா பேனாவைத் தொடவில்லை. கடலை உடைக்கிற கூடத்துக்குப் போய், சாக்கு அடுக்கின் பின்னால் கையை விட்டு, சுவரை நகத்தால் சுரண்டினார். நகத்தில் கறுப்பாக அழுக்கு வந்தது. முன்னால் தெரிகிற இடத்துக்கு மட்டும் அடித்துவிட்டு ஆள்கள் போயிருந்தார்கள்.

"இது இன்னா கலரு?" என்று விரலை என் மூக்குக்கு நேரே காட்டினார்.

"கறுப்புங்கம்மா."

"ஃபாரத்துல இன்னா எழுதிக்கீறே?"

வெள்ளைக்காரன் காலத்து மில், நாலு தலைமுறை அழுக்கு, அதற்கு நானா ஜவாப்தாரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். மறுநாள் அடுக்கை நகர்த்தி மறுபடி அடித்தார்கள். அம்மா மறுபடி சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

கையெழுத்துத் தமிழில் இருக்கும். ஒவ்வொரு எழுத்தையும் கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல நிதானமாக வைப்பார். அவருக்கு நகரிப் பக்கம் பிறந்த வீடு. தமிழ் படிப்பார், தெலுங்கு வாயாடுவார், இங்கிலீஷ் தெரியாது. இறந்துபோன கணவரின் மூக்குக்கண்ணாடியைத்தான் போட்டிருப்பார். அது அவருக்குச் சரியான பவர் இல்லை. எதையாவது உண்மையாகப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். அவர் கண்ணாடியை ஏற்றினால் நாங்கள் எல்லாரும் கையிலிருந்த வேலையை இன்னொரு தரம் சரிபார்த்துக்கொள்வோம்.

இந்தப் பழக்கம் அவருக்குப் பிறவியில் வந்ததில்லை. கணவர் இறந்து மில் அவர் பெயருக்கு வந்த புதிதில், கொழுந்தனார் ஒருவர்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். அவர் காகிதங்களைக் கொண்டுவந்து வைத்து, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு போடுங்க அண்ணி" என்பார். அண்ணியும் போடுவார். அப்படிப் போட்ட காகிதங்களில் ஒன்றில், ஓடுகிற பெல்ட்டுகளுக்கெல்லாம் வேலி போட்டாயிற்று என்று எழுதியிருந்தது. வேலி வாசலில்தான் கிடந்தது. மரம் மட்டும் வாங்கியிருந்தார்கள், தச்சன் வரவில்லை. அந்த வாரமே ஒரு ஆளின் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அந்த ஆள் அம்மாவைப் பார்த்து, "வேலி போட்டாச்சுன்னு நீங்க கையெழுத்துப் போட்டீங்களாமே?" என்று கேட்டிருக்கிறார். கோபமாகக்கூடக் கேட்கவில்லையாம், சந்தேகம் கேட்பது போலக் கேட்டாராம். அம்மா திரும்பி வந்து கொழுந்தனாரை ஊருக்கு அனுப்பிவிட்டார். அந்த ஆளை கேட் காவலுக்கு வைத்தார். அதற்குப் பிறகு பார்க்காத எதற்கும் அவர் கை பேனா பிடித்ததில்லை.

அந்த நாள்களில் தினமும் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுத் தொழிற்சாலைச் சட்டத்தைப் படிக்கச் சொல்வார். இங்கிலீஷில் ஒரு வாக்கியம், தமிழில் அதன் அர்த்தம். கண்ணை இழுத்துக்கொண்டு போகும் நேரம் அது. ஆலையை யார் தன் கையில் வைத்திருக்கிறாரோ அவருக்குச் சட்டத்தில் ஆக்குபையர் என்று பெயர், எல்லாப் பொறுப்பும் கடைசியில் அவருக்குத்தான் என்று படித்த அன்று அம்மா என்னை நிறுத்தினார்.

"அப்டீன்னா அது நானா?"

"ஆமாங்கம்மா. லைசென்ஸுல உங்க பேருதான் இருக்குது."

"மேனேஜரு தப்பு பண்ணா?"

"நீங்கதாங்கம்மா."

"மேஸ்திரி பண்ணா?"

"நீங்கதான்."

"நீ பண்ணா?"

"அதுக்கும் நீங்கதாங்கம்மா" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

ஆந்திரா தனியாகப் பிரிந்த பிறகு வந்த வருஷங்கள் அவை. எங்களுக்கு மேலிடத்துக் கடிதங்கள் முதலில் மதராஸிலிருந்து வந்தன, பிறகு கர்னூலிலிருந்து வந்தன, அப்புறம் ஹைதராபாத் முத்திரையோடு வந்தன. சித்தூர் எந்தப் பக்கம், புத்தூர் எந்தப் பக்கம், திருத்தணி எந்தப் பக்கம் என்று டீக்கடையில் தினமும் சண்டை. எல்லையே தெரியாத ஊரில் சட்டம் மட்டும் தெளிவாக ஒன்று சொன்னது: ஆலைச் சட்டத்தின் சுருக்கத்தை இங்கிலீஷிலும், பெரும்பாலான தொழிலாளிகளுக்குப் புரிகிற பாஷையிலும் எழுதி வாசலில் மாட்ட வேண்டும்.

பெரும்பாலானவர்களின் பாஷை எது? அம்மா எல்லாரையும் முற்றத்தில் நிற்கவைத்துக் கையைத் தூக்கச் சொன்னார். அவ்வளவுதான், மில் இரண்டாகப் பிளந்துவிட்டது. வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு சந்தையில் தெலுங்கு பேசுகிறவர்கள் எங்கள் ஆள்கள். ஒரே வாக்கியத்தை ஒன்றில் தொடங்கி இன்னொன்றில் முடிப்பார்கள். அவர்கள் அன்றைக்குப் பக்கத்தில் நிற்கிறவன் எந்தக் கையைத் தூக்குகிறான் என்று முறைத்துப் பார்த்தார்கள். இரண்டு தரமும் கை தூக்கியவர்களும் உண்டு. அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஒரு தமிழ்ப் பலகையையும் ஒரு தெலுங்குப் பலகையையும் கொண்டுவரச் சொல்லி, கை தூக்கியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். பாதிப் பேருக்கு மேல் எதையும் படிக்கத் தெரியவில்லை. இத்தனை நேரம் எழுத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்ளப் போன இரண்டு பேர் பலகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள்.

"ரெண்டுலயும் எழுதி மாட்டு. சனிக்கெழம சம்பளத்துக்கு முன்னாடி ரெண்டுலயும் நீ படி. அவங்கோ கேக்கட்டும்" என்று என்னிடம் சொன்னார்.

அப்படித்தான் நான் சனிக்கிழமை சாமியார் ஆனேன். பெஞ்சின் மேல் ஏறி நின்று குடிதண்ணீர், எச்சில் பணிக்கம், முதலுதவிப் பெட்டி, தூசி என்று ஒவ்வொன்றாகப் படிப்பேன். "சாமி, பிரசங்கம் முடிஞ்சுதா, சம்பளம் போடலாமா?" என்று கீழேயிருந்து கேலி செய்வார்கள். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொள்வேன்.

ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வந்தால் மற்ற மில்களில் நாற்காலி, டிபன், மலைப்பழம் எல்லாம் தடபுடலாக நடக்கும். எங்கள் மில்லில் அந்த மனுஷர் உட்கார்ந்ததே இல்லை. அவர் உட்காரப் போனாலும் அம்மா விடமாட்டார். "நீங்க பாத்தீங்களா? பாக்காம எழுதாதீங்க" என்று ஏணியில் ஏற்றிவிடுவார். ஒருமுறை கடலைத்தோல் கிடங்கைப் பார்த்துவிட்டு வெளியே வந்த இன்ஸ்பெக்டர் தலையெல்லாம் தூசியோடு, "அம்மா, நான் உங்களை இன்ஸ்பெக்ட் பண்ண வந்தேனா, நீங்க என்னை இன்ஸ்பெக்ட் பண்றீங்களா?" என்று தெலுங்கில் கேட்டார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தார். குடித்துவிட்டு அவரும் சிரித்தார்.

பாய்லர் விஷயம் ஒரு கார்த்திகை மாதத்தில் வந்தது. விடாத அடைமழை. புதுக்கடலை வரத்துக்கு முன்னால் பாய்லரின் பழைய சட்டையை உரித்துவிட்டுப் புதுச் சட்டை போட வேண்டியிருந்தது. பாய்லருக்கும் நீராவிக் குழாய்களுக்கும் மேலே பூசியிருக்கிற கனமான பூச்சைத்தான் சட்டை என்போம். சூடு வெளியே போகாமல் காக்கும். அது கல்நார். கடப்பைப் பக்கத்து மலையில் வெட்டி எடுத்தது என்று சொல்வார்கள். கோணிகளில் வரும். பஞ்சு மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும், தொட்டால் மெத்தென்றிருக்கும், நெருப்பில் போட்டாலும் எரியாது. அதை மண்ணோடு குழைத்துப் பூசுவார்கள்.

கல்நார்த் தூசி நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும் என்று இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பல வருஷம் கழித்துத்தான் அது தன் வேலையைக் காட்டும் என்பதும் தெரியும். அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரை ஞானி என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்ததுதான்.

முதல் நாள் ஆள்கள் வழக்கம்போல வேலை செய்தார்கள். பழைய பூச்சைக் காய்ந்த நிலையிலேயே கொத்தி உதிர்த்தார்கள், புதுக் கோணிகளை உதறிக் கொட்டினார்கள். கோணியைக் கொட்டுகிறவனுக்கே காலிக் கோணி சொந்தம் என்பது எங்கள் மில்லின் வழக்கம். கடலைக் கோணியானாலும் சரி, கல்நார்க் கோணியானாலும் சரி. அன்று சாயங்காலம் எல்லாரும் ஒன்று இரண்டு என்று சுருட்டிக்கொண்டு போனார்கள். மழைக்காலம் அல்லவா, தரையெல்லாம் ஓதம். எனக்கும் மேஸ்திரி ஒன்று கொடுத்தார். புத்தம்புதிது, நெருக்கமான நெசவு. கேட்டில் காவல்காரர் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

என் வீட்டில் மகள் பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. கிரீம்ஸ்பேட்டையில் ஓட்டு வீடு, தரையில் ஈரம் ஏறிக்கொண்டே இருந்தது. என் மனைவி அந்தக் கோணியை வாசலில் நாலு தட்டுத் தட்டி, நாலாக மடித்துத் தைத்து, மேலே பழைய வாயில் புடவையைச் சுற்றிக் குழந்தைக்கு மெத்தை செய்துவிட்டாள். குழந்தை அதில் நன்றாகத் தூங்கியது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா பாய்லர் அறைக்குள் வந்தார். உள்ளே வேலை செய்துகொண்டிருந்த நாலு பேரையும் அடையாளம் தெரியவில்லை. புருவம், மீசை, காதுமடல் எல்லாம் வெள்ளை. மழை கொஞ்சம் விட்டிருந்த நேரம், கூரை ஓட்டையில் வந்த வெயிலில் தூசி மிதந்துகொண்டிருந்தது. அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அந்த வெயிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா மேஸ்திரி இது?"

"கல்நார் அம்மா. பர்வாலேது, ஒண்ணும் பண்ணாது. எங்க நைனா காலத்துலேந்து இத்தத்தான் பூசிக்கினு கீறோம்."

"ஒண்ணும் பண்ணாதுன்றது பாத்ததா, கேட்டதா?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். வெள்ளைத் தூள் கொட்டியது. அம்மா என் பக்கம் திரும்பி, "தூசியப் பத்தி இன்னா படிச்சே நீ?" என்றார்.

எனக்கு மனப்பாடம். உடம்புக்குக் கெடுதல் செய்யக்கூடிய தூசி கிளம்பினாலும், அல்லது எந்தத் தூசியானாலும் ஏராளமாகக் கிளம்பினாலும், ஆள்கள் அதை இழுக்காமலும் அது வேலை செய்யும் அறையில் சேராமலும் தடுக்க வேண்டும் என்று ஒப்பித்தேன். "ஆனா கல்நார்னு பேரு போட்டு எதுவும் இல்லீங்கம்மா. கெடுதல்னு எந்த டாக்டரும் சொல்லல" என்றும் சேர்த்துக்கொண்டேன். சும்மா இருந்திருக்கலாம்.

"எந்தத் தூசியானாலும்னு தானே கீது? அப்புறம் டாக்டர் எதுக்கு? கண்ணு போதுமே" என்றார். பிறகு மேஸ்திரியிடம், "உங்க ஊட்டுல வாசல் தெளிக்காம பெருக்குவாங்களா?" என்று கேட்டார்.

"பெருக்க மாட்டாங்கம்மா."

"அப்போ இங்க மட்டும் எதுக்குத் தெளிக்காம ஒடைக்கறே?"

"தண்ணி ஊத்தி ஒடைச்சா ரெண்டு நாள் வேல ஆறு நாள் ஆவும் அம்மா. கடல வந்துடும்."

"வரட்டும். கோணியில காத்துக்கினு கெடக்கும்."

அன்றே வேலை மாறியது. தண்ணீர் தெளித்து ஊறிய பிறகுதான் பூச்சை உரிக்க வேண்டும். மூக்கில் ஈரத்துணி கட்ட வேண்டும். அந்த நாலு பேரைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. உரித்ததை ஈரமாகவே கோணியில் கட்டி, மில்லுக்குப் பின்னால் ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். வேலை முடிந்தால் கிணற்றடியில் குளித்து, வேறு துணி கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். பக்கத்து மில்காரர்கள், "பாய்லருக்கு மஞ்சத் தண்ணி ஊத்தறாங்களா, எப்போ கல்யாணம்?" என்று கேலி செய்தார்கள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து கோணிகளின் ஞாபகம் வந்தது அவருக்கு. வீட்டுக்குப் போன கோணிகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், ஒன்றுக்கு இரண்டாகப் புதுக் கோணி தரப்படும், யார்மேலும் குற்றமில்லை என்று அறிவிப்பு எழுதச் சொன்னார். நான்தான் எழுதினேன். நான்தான் பெஞ்சில் ஏறி இரண்டு பாஷையிலும் படித்தேன்.

நான் மட்டும் கொண்டுவரவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்தக் கதைதான். தினமும் மில்லில் தூசியைப் பற்றிப் பேசுகிறவன், பச்சைப்பிள்ளையின் கீழே அதையே போட்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? மனைவியிடம் சொன்னால் அவள் பயந்துவிடுவாள். பிள்ளைபெற்ற உடம்பு. ஒரு கோணிதானே, நன்றாகத் தட்டியாயிற்றே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு ராத்திரி குழந்தை தும்மினால் எழுந்து உட்கார்ந்தேன். ஆனாலும் மெத்தையை எடுக்கவில்லை. அந்த நாலு நாளை நினைத்தால் எனக்கு இன்றும் என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஐந்தாம் நாள், வெளியே போன கோணிகள் எல்லாம் திரும்பிவிட்டன என்று ரிஜிஸ்டரில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன்.

"பாத்ததா, கேட்டதா?"

"எல்லாரும் சொன்னாங்கம்மா."

எழுந்துவிட்டார்.

அன்று முழுக்க வீடு வீடாக நடந்தோம். முன்னால் அம்மா குடையோடு, பின்னால் ரிஜிஸ்டரோடு நான், அதற்கும் பின்னால் புதுக் கோணிகள் ஏற்றிய கைவண்டியோடு கேட் காவல்காரர். அம்மா நேரில் கிளம்பியது சரியாகத்தான் போயிற்று. ஒரு வீட்டில் கல்நார்க் கோணி குளிக்கிற மறைப்பாகத் தொங்கியது. ஒரு வீட்டில் குளிருக்காகக் கன்றுக்குட்டி முதுகில் கட்டியிருந்தார்கள். அது எங்களைக் கண்டதும் தெருவில் ஓட, காவல்காரர் மூன்று விரல் கையோடு துரத்திப் பிடித்தார். இரண்டு புதுக் கோணிக்கு ஆசைப்பட்டு, சாதாரண அரிசிக் கோணியைத் தண்ணீரில் நனைத்து வைத்திருந்த கிழவி ஒருத்தியும் இருந்தாள். அம்மா தையலைப் பிரித்துப் பார்த்தார். வெள்ளை நார் இல்லை. "ஏம்மே, என்னையே ஏமாத்தறியா?" என்று சிரித்துவிட்டு ஒரே ஒரு கோணி கொடுத்தார்.

நான் ஒவ்வொரு வீடாக எழுதிக்கொண்டே வந்தேன். எழுத எழுத என் கையெழுத்துக் கோணலாகிக்கொண்டே போனது. எல்லா வீடும் முடிந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு கடையின் தாழ்வாரத்தில் நின்று அம்மா பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடப் போனவர் நிறுத்தினார்.

"உங்க ஊடு?"

"எங்க ஊட்டுல இல்லீங்கம்மா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"செரி. பாத்துட்டு எழுதலாம்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

சந்தேகப்பட்டு அல்ல. யார் வீடானாலும் அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். நான் ரிஜிஸ்டரை மூடிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

முதலாளியம்மா வீட்டுக்கு வந்ததில் என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. பலகையைப் போட்டாள், காப்பி போடட்டுமா என்றாள். அம்மா கேட்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க புண்ணியம்மா. மில்லுலேந்து நல்ல கோணியா குடுத்தீங்க. கீழ ஈரமே ஏறல. கொழந்த அடிச்சுப் போட்டாப்புல தூங்குது, பாருங்க."

அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். குனிந்து, புடவையின் ஓரத்தை மெதுவாக விலக்கினார். தையல் மூட்டில் வெள்ளை நார் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கொழந்தையத் தூக்கிக்கோம்மா. ஒரு சொம்பு தண்ணி குடு."

குடிக்கத்தான் கேட்கிறார் என்று அவள் கொண்டுவந்தாள். அம்மா கையில் ஊற்றி மெத்தையெங்கும் தெளித்தார். நன்றாக ஈரமான பிறகு புடவையோடு சேர்த்துத் தானே சுருட்டினார். தரையையும் ஈரத்துணியால் துடைத்தார். என் மனைவி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இன்னாங்கம்மா? அதுல இன்னா கீது?" என்றாள்.

"இன்னா கீதுன்னு எனக்கும் தெரியாதும்மா. தெரியாத வஸ்துவ கேட்டுக்கு வெளிய உட்டது எங்க மில்லு. தப்பு எங்களுது. கொழந்த துணியெல்லாம் நனைச்சுத் தொவச்சுடு. மெத்தைக்குப் பஞ்சு நான் அனுப்பறேன்."

"இவருக்குத் தெரியுமாங்கம்மா?"

அம்மா என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும். இல்லை என்று சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அவரு மனசுக்குள்ள நான் பாக்கலம்மா. பாக்காதத நான் சொல்ல மாட்டேன். நீயே கேளு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், போதுமாக இருந்தது. அடுத்த ஐந்து நாள் என்னோடு பேசவில்லை.

தெருவில் அம்மா கைவண்டிக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எழுது" என்றார். எழுதினேன். "படி" என்றார். சனிக்கிழமைகளில் கனமாக்கிக்கொள்கிற குரல் அன்று வரவில்லை.

"கிரீம்ஸ்பேட்டை. டைம் கீப்பர் வீடு. கோணி ஒன்று. குழந்தையின் படுக்கையில் இருந்தது. இல்லை என்று அவர் முதலில் சொன்னது பொய்."

"கடைசி வரிய நான் சொல்லலியே" என்றார் அம்மா.

"நான் பாத்ததுங்கம்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது. காவல்காரர் கன்றுக்குட்டியின் கோணியை மடிப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா கையெழுத்துப் போட்டார். வழக்கம்போல நிதானமாகத்தான் போட்டார். நாளைக்கு வேலைக்கு வரலாமா என்று கேட்டேன்.

"வராம? நாளைக்குக் குழி மூடறாங்கோ. நான் பாக்கறேன், நீ எழுது" என்றார்.

மறுநாள் பஞ்சு மெத்தை வந்தது. கடலை வரத்து நாலு நாள் காத்துக்கிடந்தது. ஒன்றும் முழுகிப்போகவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து காலிக் கோணி வழக்கமும் மாறியது. கல்நார்க் கோணிகள் குழிக்குப் போயின, அதற்குப் பதிலாக ஆள்களுக்குப் புதுக் கோணி கிடைத்தது. எல்லை முடிவாகி, திருத்தணி அந்தப் பக்கம் போய், நாங்கள் இந்தப் பக்கம் தங்கினோம். சில வருஷம் கழித்து அம்மா மில்லை விற்றுவிட்டுப் பலமனேரில் தம்பி வீட்டோடு போய் இருந்தார். அங்கேயே காலமானார் என்று சொன்னார்கள். நான் போய்ச் சேர முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்போது திருப்பதியில் என் மகள் வீட்டில் இருக்கிறேன். அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. போன மாதம் அலிபிரியிலிருந்து நடந்தே மலை ஏறினாள். நான் பஸ்ஸில் போய், படிகள் முடிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய பிள்ளைகளே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இவள் சிரித்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னா நைனா, என் மூஞ்சியவே பாத்துக்கினு கீறே?"

"மூச்சு வாங்குதாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல நைனா. நல்லா கீறேன்."

சொன்னாள், நானும் கேட்டேன். ஆனால் எனக்குப் போதவில்லை. அவள் முதுகில் கையை வைத்து, மூச்சு ஏறி இறங்குவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.